துணி மூடும் கிழமை

மன்னார் நீதிஸ்தலத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்த சாமுவேல் அமிர்தநாயகம் யாரையும் நம்பமாட்டார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. காலை முதல் மாலை வரை பொய்யைக் கேட்டு, அதைப் பிசகில்லாமல் இங்கிலீசாக்கி வெள்ளைக்காரத் துரையின் காதில் போடுவதுதான் அவருடைய பிழைப்பு. வேதப்புத்தகத்தை முத்தமிட்ட ஈரம் உதட்டில் காயுமுன்னமே புளுகத் தொடங்குகிறவர்களைக் கண்டு கண்டு அலுத்துப்போயிருந்தார். முகத்தைப் பார்த்துப் பொய்யைப் பிடிக்க முடியாது என்பது அவர் முடிவு. முகம் பழகிவிடும், கால் பழகாது. பொய் சொல்லுகிறவனின் கால் பெருவிரல் தன்பாட்டில் நிலத்தைக் கிளறும். அதனால் சாட்சிக் கூட்டில் யார் ஏறினாலும் அவர் கண் முதலில் காலுக்குத்தான் போகும்.

அந்தப் பங்குனிக் கடைசியில் அவர் அபூசாலியின் மாட்டுவண்டியில் கோரைப்பாடு என்ற மீனவக் கிராமத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். தலைமன்னாருக்கு இன்னும் ரயில் ஓடாத காலம். பாதை என்று சொல்லும்படி ஒன்றுமில்லை. பனைகளுக்கு நடுவே மணல், மணலுக்கு நடுவே வண்டித் தடம். மத்தியானம் சாய்ந்தும் வெயில் குறையவில்லை. பெருக்க மரத்து நிழலில் கழுதைகள் அசையாமல் நின்றன. ஒரு பொட்டுக் காற்றில்லை.

வழக்கு ஒரு தோணியைப் பற்றியது. கோரைப்பாட்டு வலன்ரைன் தன் கைப்பட இழைத்துக் கட்டிய தோணி அது. போன மார்கழியில் வாடைக் காற்றுக்குள் அவனும் தமையன் அம்புறோசும் அதில் கடலுக்குப் போனார்கள். அம்புறோஸ் மட்டும் திரும்பி வந்தார். பாய்மரம் முறிந்து, பாயோடு தம்பியும் கடலில் விழுந்து தாழ்ந்துபோனான் என்றார். உடல் ஒதுங்கவில்லை. முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த கையோடு, சாகும்போது தம்பி தோணியைத் தனக்குத் தந்துவிட்டான் என்று சொல்லி, அதை இழுத்துப் போய்த் தன் மீன்வாடிக்கு முன்னால் கட்டிக்கொண்டார். அவர் ஏற்கெனவே சம்மாட்டி. வள்ளங்களும் வலைகளும் கூலிக்கு ஆட்களும் உள்ளவர். வலன்ரைனின் மனைவி பெற்றிசியாவுக்கு அந்தத் தோணியை விட்டால் வேறு கதியில்லை.

நடுக்கடலில் நடந்ததற்குச் சாட்சிக்கு எங்கே போவது? அவளே துரையிடம் ஒரு வழி சொன்னாள். அம்புறோஸ் தங்கள் ஊர் அந்தோனியார் கோயிலில் சத்தியம் பண்ணட்டும், பண்ணினால் தோணியைக் கேட்கமாட்டேன் என்றாள். இப்படிக் கோயிலில் சத்தியம் வைத்து வழக்குத் தீர்ப்பது அந்த நாளில் வழக்கம்தான். அம்புறோஸ் உடனே ஒத்துக்கொண்டார். எந்த நாள் என்பதை மட்டும் தானே குறித்துத் தருவதாகச் சொன்னார். அந்தச் சத்தியத்தைக் கண்ணால் கண்டு வந்து துரைக்குச் சொல்லத்தான் அமிர்தநாயகத்தை அனுப்பியிருந்தார்கள்.

அந்த 'உடனே' அமிர்தநாயகத்துக்குப் பிடிக்கவேயில்லை.

"அபூசாலி, இந்தக் கோயில்லை பொய்ச்சத்தியம் பண்ணினா என்ன நடக்குமாம்?" என்று கேட்டார்.

"நான் வேற மார்க்கம், ஐயா. எனக்கென்ன தெரியும்?" என்ற அபூசாலி, சற்றுத் தூரம் போனதும் தானாகவே சொன்னான். "ஆனா நாங்களும் அந்தக் கோயில் வாசல்லை நிண்டு பொய் சொல்லமாட்டம். அம்புறோஸ் சம்மாட்டியாரும் மற்றக் கிழமையளிலை சொல்லமாட்டார்."

"அதென்ன மற்றக் கிழமை?"

"போய்ப் பாருங்கோ, ஐயா. இது அவையள் துணி மூடுற கிழமை."

சொல்லிவிட்டு அவன் மாட்டை அதட்டத் தொடங்கினான். இவனும் யாரிடமோ கைநீட்டி வாங்கியிருக்கிறான் என்று அமிர்தநாயகம் மனத்துக்குள் முடிவுகட்டிக்கொண்டார்.

கோயில் கடலைப் பார்த்தபடி தனித்து நின்றது. சுண்ணாம்புச் சுவர், கிடுகுக் கூரை, உள்ளே வெறும் மணல் தரை. செபமாலை மூப்பர் வாசலுக்கு வந்து கும்பிட்டார். கோயில் காரியங்களைப் பார்க்கும் கிழவர் அவர். கண்ணில் பூ விழுந்திருந்தது. பங்குச் சுவாமியார் வேறு ஊருக்குப் பூசைக்குப் போயிருந்தார். சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே காலெடுத்து வைத்த அமிர்தநாயகம் அப்படியே நின்றுவிட்டார்.

உள்ளே தலை முதல் கால்வரை ஊதாத் துணி போர்த்த உருவங்கள் நின்றன.

"பயப்பிடாதையுங்கோ, ஐயா," என்றார் மூப்பர். "சுரூபங்கள்தான். ஆண்டவருடைய பாடுகளை நினைக்கிற காலமெல்லோ. உயிர்த்த திருநாள் வரைக்கும் எல்லாத்தையும் மூடி வைக்கிறது. உங்கடை சபையிலை இது இல்லை."

"எங்களுக்குச் சுரூபமே இல்லை, மூப்பர். பிறகென்னத்தை மூடுறது?"

யாழ்ப்பாணத்துப் புரட்டஸ்தாந்துக்காரரான அமிர்தநாயகத்துக்கு இப்போது விஷயம் பளிச்சென்று விளங்கியது. அம்புறோஸ் ஏன் இந்தக் கிழமையைக் குறித்தார் என்பதும் விளங்கியது. அந்தோனியாரின் கண்ணைத் துணியால் கட்டிவிட்டுச் சத்தியம் பண்ண வருகிறார் மனுஷன்.

"பொய்ச்சாட்சி சொல்லாதே எண்டது எங்களுக்குப் பத்துக் கட்டளையிலை ஒன்பதாவது," என்றார் மூப்பரிடம். "உங்களுக்கு எட்டாவதெல்லே. இந்தக் கிழமையிலை மட்டும் ஏழோடை நிப்பாட்டிப் போடுவியளோ?"

மூப்பர் சிரிக்கவில்லை. "சனத்தின்ரை மூடநம்பிக்கை, ஐயா. மூடினா அவர் காணார் எண்டு நினைக்கினம். சுவாமியார் எத்தினை தரம் பிரசங்கத்திலை சொல்லிப்போட்டார்."

அவர் ஒவ்வொன்றாகக் கையைக் காட்டினார். நடுப்பீடத்தில் அந்தோனியார், வலப்பக்கம் மாதா, இடப்பக்கம் சூசையப்பர், சுவரோரமாக ஒரு பீடத்தில் செபஸ்தியார், மற்றதில் யாகப்பர். அவ்வளவு சொல்லிவிட்டுக் கையை இறக்கினார்.

தெற்குக் கதவடியில் இன்னொரு துணி நின்றது.

மூப்பர் அதைச் சொல்லவில்லை. அதற்குப் பீடமும் இல்லை. மணலிலேயே நின்றது. ஓர் ஆள் உயரம். மற்றத் துணிகளை விட நிறம் கொஞ்சம் கறுப்பு. வெளிச்சம் அங்கே சரியாக விழாததால் அப்படித் தெரிகிறது என்று அமிர்தநாயகம் நினைத்தார். வழக்கப்படி அவர் கண் கீழே போனது.

துணியின் ஓரத்துக்குக் கீழே கால்கள் தெரிந்தன.

சுண்ணாம்புக் கால்களல்ல. மனுஷக் கால்கள்.

அட, இதுதானா சங்கதி, என்று அவர் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். பெற்றிசியாவின் ஆட்கள் யாரையோ துணிக்குள் ஒளித்து வைத்திருக்கிறார்கள். அம்புறோஸ் சத்தியம் பண்ணும் நேரம் பேய்க்குரலில் கத்தி அவரைப் பயமுறுத்துவதுதான் திட்டம். மூப்பரும் இதற்கு உடந்தை. இல்லாவிட்டால் அதை மட்டும் ஏன் விடுகிறார்? பேசாமல் இருந்து கையும் மெய்யுமாகப் பிடிப்போம் என்று நினைத்தார். துரையிடம் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பார். பேய், நேர்த்திக்கடன் என்று யாராவது சொன்னால் வாயைக் கோணிச் சிரிக்கிற துரை அவர். மொழிபெயர்ப்பாளருக்கு முதலியார் என்ற அரசாங்கப் பட்டத்தைத் தரும்படி மேலிடத்துக்கு எழுதப் போவதாகச் சொல்லியிருப்பவரும் அவர்தான்.

பெற்றிசியா வந்தாள். கறுப்புச் சீலையால் தலையை மூடியிருந்தாள், சின்ன வயது. அமிர்தநாயகம் அவளைக் கோயிலுக்கு வெளியே கூப்பிட்டுக் கேட்டார்.

"பிள்ளை, அவர் ஏன் இந்தக் கிழமையைக் கேட்டவர் எண்டு உமக்குத் தெரியுமோ?"

"தெரியும், ஐயா."

"தெரிஞ்சும் ஏன் ஒத்துக்கொண்டனீர்?"

"கண்ணைத்தானே மூடுறது? காது கேக்குமெல்லோ." அவள் கடலைப் பார்த்தாள். "தோணி வேணுமெண்டுதான் வழக்குப் போட்டனான். ஆனா அதைவிட, என்ர மனுசன் கடைசியா என்ன சொன்னவர் எண்டு எனக்குத் தெரியவேணும். அம்புறோஸ் அத்தான் அதை அப்பிடியே இதுவரைக்கும் ஒருதரிட்டையும் சொல்லேல்லை. கோயில்லையெண்டாலும் சொல்லட்டும்."

"துணிக்குள்ளை ஆரையும் விட்டு வைச்சிருக்கிறீரோ?" என்று கேட்க அவருக்கு நாக்கு நுனிவரை வந்தது. கேட்டால் ஆள் ஓடிவிடுவான். விழுங்கிக்கொண்டார். நல்ல நடிகை என்று மட்டும் நினைத்தார்.

பொழுது சாயும் நேரத்தில் அம்புறோஸ் வந்தார். குளித்து, வெள்ளை வேட்டி உடுத்து, கையில் மெழுகுதிரியோடு பவ்வியமாக வந்தார். அகன்ற பாதங்கள், வலது பெருவிரல் நகம் நடுவால் பிளந்து கறுத்திருந்தது. எப்போதோ நங்கூரம் விழுந்த காயம். பீடத்தில் மெழுகுதிரியைக் கொளுத்தி வைத்து முழந்தாளிட்டு எழும்பி, மூடிய அந்தோனியாரின் பாதத்தில் கையை வைத்தார்.

அமிர்தநாயகம் நீதிஸ்தலம் குறித்துக் கொடுத்த வசனத்தைச் சொன்னார். "என்ர தம்பி வலன்ரைன் சாகேக்கை தோணியை எனக்குத் தந்தவன். இது சத்தியம். சொல்லுங்கோ, சம்மாட்டியார்."

அம்புறோஸ் தொண்டையைச் செருமினார். "ஐயா, தந்தவன் எண்டு என்ர வசனத்திலை சொல்ல எனக்கு மனமில்லை. அவன் சொன்னது எதுவோ அதை அப்பிடியே சொல்லுறன். கூட்டியோ குறைச்சோ சொன்னா அதெல்லே பொய்?"

"என்ன சொன்னவர்?"

"'தோணியை எடண்ணை' எண்டவன்."

அமிர்தநாயகம் அந்தச் சொல்லை மனத்துக்குள் பிரித்துப் பார்த்தார். எடு அண்ணை. எடுத்துக்கொள் அண்ணை. கேட்டால் அப்படித்தான் இருந்தது. ஆனாலும் சட்டம் எழுதித் தந்த வசனத்தை ஒருவன் கடைசி நேரத்தில் மாற்றினால் அதில் சூது இருக்கும் என்று அமிர்தநாயகத்துக்குத் தெரியும். அவர் பெற்றிசியாவைப் பார்த்தார். அவள் முகம் வெளுத்திருந்தது.

"இந்த வசனம் உமக்குச் சம்மதமோ, பிள்ளை?"

"சொல்லட்டும், ஐயா," என்றாள் மெல்ல. "என்ர மனுசன் தமையனை அப்பிடித்தான் கூப்பிடுவார். 'எடண்ணை' எண்டுதான் சொல்லுவார். சொல்லட்டும்."

அம்புறோஸ் நிமிர்ந்து நின்றார். குரல் நடுங்கவில்லை. "சர்வேசுரன் மேலையும் அந்தோனியார் மேலையும் ஆணை. என்ர தம்பி வலன்ரைன் சாகேக்கை தன்ர வாயாலை, 'தோணியை எடண்ணை' எண்டு சொன்னவன். இது சத்தியம்."

முகத்தில் ஒரு சுழிப்பில்லை. ஆனால் கீழே, அந்தப் பிளந்த நகம் மணலைத் தோண்டிக்கொண்டிருந்தது.

அமிர்தநாயகம் தெற்குக் கதவடியைப் பார்த்தார். துணிக்குள் இருந்த கால்கள் அசையவில்லை. வெளுத்து, தண்ணீரில் ஊறித் தோல் சுருங்கிய கால்கள். பெருவிரல் இம்மியும் கிளறவில்லை.

அப்போதுதான் அவருக்கு அந்தச் சத்தம் கேட்டது.

சொட்டு.

கூரையைப் பார்த்தார். மழை பெய்து மாதங்கள் ஆகியிருந்தன.

சொட்டு. சொட்டு.

மெழுகுதிரி வாசத்தை அமுக்கிக்கொண்டு கடலின் வாசம் வந்தது. கரையில் வருகிற வாசமில்லை. நங்கூரம் கிளப்பும்போது அடிச்சேற்றோடு வருகிற குளிர்ந்த வாசம். காற்று இல்லை. மெழுகுதிரிச் சுடர் நேராக நின்றது. மற்ற ஐந்து துணிகளும் ஆடவில்லை.

கதவடித் துணி மட்டும் வாய் இருக்கும் இடத்தில் உள்ளே போய் வெளியே வந்தது.

மூச்சு.

பிறகு ஒரு குரல். உரத்த குரலல்ல. நெடுந்தூரம் தண்ணீரைக் கடந்து வந்து களைத்த குரல்.

"இஞ்சாலை எடண்ணை."

அம்புறோசின் கை சுரூபத்தின் பாதத்திலிருந்து நழுவியது.

"இஞ்சாலை... கை சோருது... தோணியை இஞ்சாலை எடண்ணை."

எடுத்துக்கொள் என்றல்ல, தோணியை இந்தப் பக்கம் கொண்டுவா என்றுதான் அந்தக் குரல் கெஞ்சியது. பெற்றிசியா அலறவில்லை. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டாள். "அவர்தான்," என்றாள் விரல்களுக்குள்ளால். "அவரின்ரை குரல்."

அமிர்தநாயகத்தின் புத்தி இன்னும் பிடிவாதம் பிடித்தது. கூத்தாடுகிறார்கள், என்னை வைத்துக் கூத்தாடுகிறார்கள் என்று முணுமுணுத்தபடி, பயத்தையெல்லாம் கோபமாக்கிக்கொண்டு கதவடிக்கு நடந்தார். துணியை இரண்டு கையாலும் பற்றி ஒரே இழுவையில் இழுத்தார்.

உள்ளே ஒருவருமில்லை.

துணி மட்டும் கையில் கனத்தது. ஈரத்தில் கனத்தது. மணலில் இரண்டு பாதங்களின் பள்ளம் இருந்தது. அதில் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. வந்த தடமும் இல்லை, போன தடமும் இல்லை. தெற்குக் கதவு உள்ளால் தாழ்ப்பாள் போட்டபடி இருந்தது.

"என்னத்தை ஐயா இழுத்தனீங்கள்?" மூப்பர் தடுமாறிக் கிட்ட வந்தார். "அங்கை சுரூபம் இல்லையே. இந்தக் கோயில்லை அஞ்சு சுரூபம்தான். ஆறாந் துணி நாங்கள் தைக்கேல்லை."

அவர் தடவிப் பார்த்தார். பெற்றிசியாவும் எழும்பி வந்து அதை வெளிச்சத்துக்குப் பிடித்தாள். அது ஊதாத் துணியே அல்ல. மரப்பட்டைச் சாயத்தில் தோய்த்த தோணிப் பாய். கடலில் ஊறி ஊறிக் கறுத்திருந்தது. ஓரத்தில் ஒரு ஒட்டு. சிவப்பு நூலால் நெருக்கமாகத் தைத்தது.

"இந்த ஒட்டு நான் போட்டது," என்றாள். "என்ர கலியாணச் சீலையிலை கிழிச்சு."

பாய்மரத்தோடு கடலுக்குள் போனதாக அம்புறோஸ் சொன்ன பாய் அது.

அவள் திரும்பினாள். "அத்தான், அவர் முழுக்க என்ன சொன்னவர்?"

அம்புறோஸ் பின்னால் ஓர் அடி எடுத்து வைத்தார். "நீதிஸ்தலத்துக்கு வேண்டியதைச் சொல்லிப்போட்டன்," என்றார். "அவன் சொன்ன சொல்லைத்தான் சொன்னனான். பொய்யெண்டு ஒருதரும் காட்டேலாது. ஐயா, சத்தியம் முடிஞ்சுது, துரைக்குப் போய்ச் சொல்லுங்கோ." மெழுகுதிரியைக்கூட எடுக்காமல் போனார். போகும்போது ஓடக்கூடாது என்று தன்னை அடக்கிக்கொண்டு நடந்தது நன்றாகவே தெரிந்தது.

பெற்றிசியா பாயைப் பிழிந்து மடித்தாள். "நான் கேட்டதை நான் சொன்னா, தோணிக்காகச் சொல்லுறன் எண்டுவினம்," என்றாள் அமிர்தநாயகத்திடம். "ஐயா அந்நியர். ஐயா கேட்டதை ஐயா சொல்லுங்கோ. எனக்கு அது போதும்."

மன்னாருக்குத் திரும்பும் வழியில் வண்டியை நிறுத்திக் கையைக் கழுவினார். கையிலிருந்த கடல் வாசம் கழுவியும் போகவில்லை.

திருநாள் கழிந்து நீதிஸ்தலம் கூடியது. அன்று அமிர்தநாயகமே சாட்சிக் கூட்டில் ஏறவேண்டியிருந்தது. வேதப்புத்தகத்தை முத்தமிட்டு, முழு உண்மையும் சொல்வேன் என்று சத்தியம் பண்ணினார். எத்தனையோ பேருக்குத் தமிழில் சொல்லிக்கொடுத்த வசனம். தன் வாயால் தனக்காகச் சொல்வது அதுதான் முதல் தடவை. எதிரே பெற்றிசியா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இங்கிலீசு தெரியாது.

சத்தியம் நடந்ததா என்று துரை கேட்டார். நடந்தது என்றார்.

என்ன சொன்னான்?

அங்கேதான் அமிர்தநாயகம் ஒரு கணம் நின்றார். 'எடு' என்ற சொல்லை எப்படி மாற்றுவது? இந்தப் பக்கம் கொண்டுவா என்றும் சொல்லலாம். எடுத்து வைத்துக்கொள் என்றும் சொல்லலாம். முதலாவதைச் சொன்னால், அது எப்படி உமக்குத் தெரியும் என்று கேள்வி வரும். காற்றில்லாமல் ஆடிய துணியையும் செத்தவன் குரலையும் சொல்லவேண்டி வரும். துரை வாயைக் கோணிச் சிரிப்பார். நீதிஸ்தலக் கந்தோர் முழுக்கச் சிரிக்கும். முதலியார் பட்டம் அந்தச் சிரிப்பிலேயே போய்விடும்.

அவர் இரண்டாவதைச் சொன்னார். அகராதியில் உள்ள பொருள்தான். பிழையென்று எந்தப் பண்டிதனும் சொல்லமுடியாது.

வேறு ஏதாவது சொல்ல உண்டா?

"நீதிஸ்தலத்துக்குத் தேவையானது அவ்வளவுதான், துரை," என்றார்.

அதுவும் பொய்யில்லை. ஆனால் சப்பாத்துக்குள் ஏதோ அசைவதை உணர்ந்தார். தன் வலது பெருவிரல் தோலைக் கிளறிக்கொண்டிருந்தது. நிறுத்தப் பார்த்தார். அது நிற்கவில்லை.

தோணி அம்புறோசுக்கு என்று தீர்ப்பாயிற்று. சேவகன் அதைத் தமிழில் சொன்னபோது பெற்றிசியா எழும்பினாள். விறாந்தையில் அமிர்தநாயகத்தின் முன்னால் வந்து நின்றாள். திட்டுவாள் என்று அவர் நினைத்தார், திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"ஐயா ஒரு சொல்லும் பொய் சொல்லியிருக்கமாட்டியள்," என்றாள். "அத்தானும் அப்பிடித்தான்."

அவள் போன பிறகு, அவள் நின்ற இடத்தில் பலகை ஈரமாக இருந்ததை அவர் பார்த்தார். காற்றில்லாத, வெயில் கொளுத்துகிற நடுப்பகல் அது.

ஆனியில் அபூசாலி சந்தையடியில் அவரைக் கண்டு செய்தி சொன்னான். அம்புறோஸ் சம்மாட்டியார் அந்தத் தோணியில் தனியே கடலுக்குப் போனாராம். தோணி மட்டும் தலைமன்னார்க் கரையில் வந்து தட்டியதாம்.

"பாய் விரிச்சபடி வந்துதாம், ஐயா. காத்தே இல்லாத நாள். சிவப்பு நூல் ஒட்டுப் போட்ட பாய். பெற்றிசியா அக்கா ஓடிப்போய்த் பாயை வைச்சிருந்த தன்ர பெட்டியைப் பாத்தவவாம். பூட்டு போட்டபடி. உள்ளுக்கை பாயைக் காணேல்லை. பெட்டியடியிலை கடல் தண்ணி நிண்டுதாம்."

"தோணி?"

"சம்மாட்டியாருக்குப் பிள்ளை குட்டி இல்லையே. அவவிட்டைத்தான் வந்திட்டுது."

அமிர்தநாயகத்துக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கியது. "அப்ப எல்லாம் சரியாப் போச்சு," என்றார்.

அபூசாலி மாட்டைத் தட்டினான். "அந்த அண்ணன் தம்பியின்ரை வழக்குச் சரி, ஐயா," என்றான்.

பட்டம் கிடைத்தது. முதலியார் உடுப்பும் தைத்தாயிற்று. பொன்னிறப் பொத்தான் வைத்த நீளக் கறுப்புக் கோட்டு. அதை முன் விறாந்தையில் ஒரு தாங்கியில் மாட்டி, வருகிறவர்கள் கண்ணில் படும்படி வைத்திருந்தார். அமிர்தநாயகம் முதலியார் பழையபடி சாட்சிகளின் கால்களைப் பார்த்துக்கொண்டு காலம் தள்ளினார். ஒன்றே ஒன்றுதான் மாறியிருந்தது. கூட்டில் யாராவது உண்மையில் பாதியை விழுங்கும்போது அவருக்கு மட்டும் சொட்டு என்று ஒரு சத்தம் கேட்கும். கூரை ஒழுகுகிறது என்று கந்தோருக்குப் பலமுறை சொன்னார். ஆள் வந்து பார்த்து, ஒழுக்கு இல்லை என்று போய்விடுவான்.

அடுத்த வருஷம், பங்குனிக் கடைசி. விளக்கு வைக்கும் நேரம். அவர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு விறாந்தைச் சாய்மனைக் கதிரையில் சாய்ந்தார். மூலையில் தாங்கியின் மேல் துணி போர்த்தியிருந்தது.

"அன்னம்மா," என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். "என்ர உடுப்பை ஏன் மூடி வைச்சனீர்? ஊத்தை பிடிக்குமெண்டோ?"

அடுப்படியிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "உடுப்பு வெளுக்கப் போயிட்டுதெல்லோ. அங்கை ஒண்டும் இல்லையே."

காற்றில்லை. விளக்குச் சுடர் நேராக நின்றது.

துணி மெல்ல உள்ளே போய் வெளியே வந்தது.

பார்க்கக்கூடாது என்று அவர் நினைத்தார். ஆனால் பழகின கண் தன்பாட்டில் கீழே போனது.

துணியின் ஓரத்துக்குக் கீழே இரண்டு அகன்ற பாதங்கள். வெளுத்து, ஊறி, தோல் சுருங்கியவை. வலது பெருவிரல் நகம் நடுவால் பிளந்து கறுத்திருந்தது. ஒரு காலத்தில் கோயில் மணலைத் தோண்டிய அந்த விரல் இப்போது அசையவில்லை.

அசைந்தது அவருடைய விரல்தான். சீமெந்துத் தரையைப் பிறாண்டிப் பிறாண்டி நகக்கண்ணில் இரத்தம் கசிந்தது. நிறுத்த முடியவில்லை.

சொட்டு.

துணிக்குள்ளிருந்து அம்புறோசின் களைத்த குரல் மரியாதையாகக் கேட்டது.

"மிச்சத்தையும் சொல்லுங்கோ, ஐயா."